பலாப்பழத்துக்கு ஒரு டிக்கட்

கொரோனாவுக்குப் பிறகு பாடசாலைகள் ஒழுங்காகத் திறந்த வருடம் நிஷ்மியாவுக்கு இரண்டாம் தரம் கிடைத்தது. பதினொரு பிள்ளைகள். முதல் நாள் ஆளுக்கொரு கடதாசியைக் கொடுத்து, "உங்கட பேர எழுதுங்க, பாப்போம்" என்றாள். பிள்ளைகள் பென்சிலைப் பிடித்தபடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் பென்சிலால் காதைக் குடைந்தான். இன்னொருத்தி தனக்கு வயிற்றுவலி என்றாள். மணி அடித்ததும் கடதாசிகளை வாங்கிப் பார்த்தாள். சிலவற்றில் கோடுகள். ஒன்றில் ஆடு மாதிரி ஏதோ ஒன்று. மற்றதெல்லாம் வெறுமை. ஒரு பெயர்கூட இல்லை.

பிள்ளைகள்மேல் பிழை சொல்ல முடியாது. முதலாம் தரத்தை அவர்கள் வீட்டிலேயே இருந்து முடித்தவர்கள். பாடங்கள் போனுக்கு வரும் என்றார்கள். அந்த ஊரில் சிக்னல் பிடிக்க வேண்டுமென்றால் பள்ளிவாசலுக்குப் பின்னால் உள்ள மிளகுத் தோட்டத்து மேட்டில் ஏற வேண்டும். ஏறினாலும் வீட்டுக்கு ஒரு போன்தான். அதுவும் வாப்பாவின் சட்டைப்பையில் காலையிலேயே வேலைக்குப் போய்விடும்.

மாத்தளையிலிருந்து நாலந்தாவுக்குப் போகும் வழியில், பெரிய வீதியை விட்டு உள்ளே போனால் வரும் சின்ன முஸ்லிம் கிராமம் அது. மிளகு, கராம்பு, கொஞ்சம் வயல். பாடசாலையில் ஐந்தாம் தரம் வரைதான் உண்டு. நிஷ்மியா மாத்தளை டவுனில் பிறந்து வளர்ந்தவள். கணவன் சாலிஹ் அங்கே ஒரு புடைவைக் கடையில் வேலை செய்தான். தினமும் காலையில் இரண்டு பஸ் மாறி அவள் வந்து போனாள். வகுப்புக்குள் வந்தால் மேசைக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்பாள், அநாவசியமாக ஒரு வார்த்தை பேசமாட்டாள். சிரிக்காத டீச்சர் என்று ஊரில் அவளுக்குப் பெயர்.

முதல் இரண்டு மாதம் அவள் தனக்குத் தெரிந்த மாதிரிதான் சொல்லிக் கொடுத்தாள். அ, ஆ, இ என்று கரும்பலகையில் எழுதி, பிள்ளைகளைப் பார்த்து எழுத வைத்தாள். புள்ளிகளால் போட்ட எழுத்தின் மேல் பென்சிலை ஓட்ட வைத்தாள். பிள்ளைகள் அழுதார்கள், நித்திரை கொண்டார்கள், பென்சில் முனையை வேண்டுமென்றே முறித்தார்கள். "அ"வை இன்றைக்கு எழுதியவன் நாளைக்கு அதை எங்கேயோ பார்த்த முகம் மாதிரிப் பார்த்தான். கொப்பி விலை ஏறி, வாங்க முடியாமல் போன காலம் அது. சாலிஹ் கடையில் மிஞ்சிய பழைய கலண்டர் தாள்களைக் கொண்டுவந்து தந்தான். அதன் பின்பக்கத்தில்தான் எல்லா எழுத்தும்.

பிறகு பெற்றோலும் டீசலும் இல்லாமல் போயின. பஸ் ஓடவில்லை. பாடசாலை திரும்பவும் மூடியது. திறந்தபோது படித்த கொஞ்சமும் பிள்ளைகளை விட்டுப் போயிருந்தது.

அந்த நாட்களில் ஒரு நாள் கடும் மழை. தகரக் கூரையில் மழை விழும் சத்தத்தில் பேசினால் கேட்காது. சும்மா இருக்கட்டும் என்று நிஷ்மியா தன் பையில் கிடந்த ஒரு படப் புத்தகத்தை எடுத்து மேசைமேல் விரித்து வைத்தாள். மகள் சின்னதாக இருந்தபோது மாத்தளை பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடைபாதைக் கடையில் வாங்கிய சிங்களப் புத்தகம். ஒரு தொப்பை மாமா தன்னைவிடப் பெரிய பலாப்பழம் ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பஸ் ஏறுகிறார். பழத்துக்கு சீட் பிடிக்கிறார். பழம் உருண்டு போகிறது, பஸ்ஸுக்குள் எல்லோரும் அதற்குப் பின்னால் ஓடுகிறார்கள். அவ்வளவுதான் கதை. ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் ஒரு வரி சிங்களத்தில் இருந்தது. அதையும் அந்தப் பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியாது.

மேசையைச் சுற்றிப் பிள்ளைகள் மொய்த்தார்கள். கண்டக்டர் கண்ணை உருட்டிக்கொண்டு பழத்தைப் பார்க்கும் படம் வந்தது.

"கண்டக்டர் கேக்குறாரு, இது ஆரு?" என்றாள் றிஸ்லா. "மாமா சொல்றாரு, இது என்ட பொண்டாட்டி. வெக்கத்துல முகத்த மூடிக்கிட்டிருக்கா."

வகுப்பே வெடித்தது. அன்ஸார் வாங்கிலிருந்து கீழே விழுந்து அங்கேயே கிடந்து சிரித்தான். "பொண்டாட்டிக்கு உடம்பெல்லாம் முள்ளு!" என்று ஒரு பிள்ளை கத்தியது. "அப்ப முழு டிக்கட்டா, அரை டிக்கட்டா?" என்று இன்னொன்று. நிஷ்மியா கைலேஞ்சியால் வாயை மூடிக்கொண்டாள். சிரித்துவிட்டாள். பிள்ளைகள் அதையும் பார்த்துவிட்டார்கள்.

"டீச்சர், றிஸ்லா சொன்னத எழுதுங்க! மறந்துடும்!"

அதற்குத் தான் ஏன் அப்படிப் பதில் சொன்னோம் என்று நிஷ்மியாவுக்கே தெரியாது. "எனக்கு நேரமில்ல. வேணும்னா நீங்க எழுதிக்கங்க" என்றாள்.

அன்றைக்குத்தான் முதல்முறையாக அந்தப் பிள்ளைகள் அவளிடம் எழுத்தைக் கேட்டார்கள். "பொ எப்படி டீச்சர்?" "ண்ட எப்படி?" வாப்பாவிடம் போய்ச் சொல்ல வேண்டும், வீட்டுக்குப் போவதற்குள் மறந்துவிடக் கூடாது. அதற்காக எழுத வேண்டியிருந்தது. அவள் கரும்பலகையில் ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். அவர்கள் கலண்டர் தாளில் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார்கள். மழை விட்டது. ஒருவரும் வெளியே ஓடவில்லை.

அன்று வீட்டுக்குப் போன நிஷ்மியா வெள்ளைத் தாளை நீட்டு நீட்டாக வெட்டி, பசை பூசி, புத்தகத்தில் இருந்த சிங்கள வரிகளையெல்லாம் மூடி ஒட்டினாள். மறுநாளிலிருந்து ஒவ்வொரு நாளும் ஒரு படம். படத்தைப் பார்த்து றிஸ்லா ஒன்றைச் சொல்வாள், மற்றவர்கள் அதற்கு மேலே ஏற்றுவார்கள், எது நல்ல சிரிப்பு என்று சண்டை நடக்கும். ஜெயித்த வசனத்தை எல்லோரும் தங்கள் தாளில் எழுத வேண்டும். நன்றாக எழுதியவர் புத்தகத்தில், ஒட்டிய வெள்ளைத் தாளில் எழுதலாம். அந்தப் படத்தின் முறை திரும்ப வரும்போது அதன்மேல் இன்னொரு தாள் ஒட்டப்படும். நாளாக நாளாகப் புத்தகம் வீங்கிக்கொண்டே போனது.

பாடசாலை அதிபர் பதுர்தீன் சேர் ஒருமுறை சத்தம் கேட்டு வந்து வாசலில் நின்றார். "என்ன டீச்சர், கல்யாண வீடா?" என்றார்.

"எழுத்துப் பாடம் சேர்."

அவர் ஒரு பிள்ளையின் தாளை எடுத்து வாசித்தார். *பலாப்பழத்துக்குப் பஸ்ஸில் தலை சுத்துது. ஜன்னல் பக்கம் இருக்கட்டும்.* ஒரு பிழையும் இல்லை. சேர் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த வருடம் முடிவதற்குள் பத்துப் பிள்ளைகள் எழுதப் பழகிவிட்டார்கள். றிஸ்லாவுக்கு மட்டும் வரவில்லை.

முதலில் நிஷ்மியா அதைக் கவனிக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அந்த வகுப்பில் வாய் ஓயாமல் பேசுகிற பிள்ளை அவள்தான். அவள் சொன்னதைத்தான் மற்றவர்கள் எழுதினார்கள். அவள் சொல்லிவிட்டு மற்றவர்களுடைய தாளை எட்டிப் பார்ப்பாள், "நான் சொன்னதா இது?" என்று விரலால் தடவிப் பார்ப்பாள். தன் தாளில் அவள் போட்டதெல்லாம் வட்டங்களும் கொக்கிகளும். "றி" எழுதச் சொன்னால் சுழி ஒரு நாள் மேலே இருக்கும், ஒரு நாள் கீழே இருக்கும், ஒரு நாள் எழுத்தே தலைகீழாக நிற்கும். நிஷ்மியா அவள் கையைப் பிடித்து எழுத வைத்தாள். மணலில் எழுத வைத்தாள். ரொட்டி மாவில் எழுத்து உருட்டிக் கொண்டுவந்தாள். றிஸ்லா மாவை மோந்து பார்த்து, "டீச்சர், 'க'வ சுட்டுச் சாப்பிட்டா 'க' உள்ளுக்குப் போயிடுமா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் "க" எங்கே என்று கேட்டால் அவளுக்குத் தெரியவில்லை.

றிஸ்லாவின் உம்மா முனவ்வரா, மிளகு காயப்போட்டுத் துப்புரவாக்கும் இடத்தில் நாட்கூலிக்குப் போகிறவள். புருஷன் கட்டாருக்குப் போனவன், ஒரு வருடம் பேசினான், பிறகு பேசவில்லை. அவளுக்கும் அதிகம் எழுத வாசிக்கத் தெரியாது. நிஷ்மியா அவளைக் கூப்பிட்டுப் பேசினாள்.

"கண்டியில ஒரு கிளினிக் இருக்கு முனவ்வரா. புள்ளைய ஒருக்காக் காட்டுவோம். நானே கூட்டிட்டுப் போறேன்."

"புள்ளைக்கு என்ன டீச்சர்? நல்லாத்தானே பேசுறா?"

"நல்லாப் பேசுறா. அதனாலதான் சொல்றேன்."

பாடசாலை விடுமுறையில் நிஷ்மியா பிள்ளையையும் தாயையும் ரயிலில் கண்டிக்குக் கூட்டிப் போனாள். டொக்டர் இளம் பெண். பொறுமையாகப் பேசினாள். பிள்ளையின் புத்தியில் ஒரு குறையும் இல்லை என்றாள். எழுத்தை மட்டும் மனம் பிடிக்கமாட்டேன் என்கிறது. இதற்கென்றே வேறு முறைகள் இருக்கின்றன, தொடர்ந்து வந்தால் மெல்ல மெல்லப் பிடிக்கும் என்றாள். நிஷ்மியாவுக்கு அன்றைக்கு மனதில் ஒரு தைரியம் வந்தது. திரும்பி வரும்போது ஸ்டேஷனில் மூவரும் விசுக்கோத்து வாங்கிச் சாப்பிட்டார்கள்.

இரண்டாம் தடவை போனபோது ஒரு மிஸ் தமிழில் பாடம் சொல்லிக் கொடுத்தாள். றிஸ்லா சந்தோஷமாக இருந்தாள். மூன்றாம் தடவை போனபோது அந்த மிஸ் இல்லை. அவள் வெளிநாடு போய்விட்டாளாம். அந்த வருடம் போகக்கூடியவர்கள் எல்லோரும் போய்க்கொண்டிருந்தார்கள். சிங்களத்தில் சொல்லிக் கொடுக்க ஆள் இருக்கிறது, தமிழுக்கு வேறு ஆள் வரும்வரை பொறுத்திருங்கள் என்றார்கள். எப்போது வரும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

அதோடு முனவ்வரா நிறுத்திக்கொண்டாள். "எத்தன நாளைக்கு டீச்சர் கூலிய விட்டுட்டு வாற? ஊர்ல வேற கேக்குறாங்க, உங்கட புள்ளைக்கு மூளையில என்னமோவாமே, கண்டிக்குக் கொண்டு போறீங்களாமேன்னு. பொம்புளப் புள்ள. நாளைக்கு அத ஆரு எடுப்பாங்க?"

நிஷ்மியா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். முனவ்வரா கோபப்படவில்லை. தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "மன்னிச்சுக்கங்க டீச்சர்" என்று எழுந்து போனாள்.

அடுத்த வருடம் பிள்ளைகள் மூன்றாம் தரத்துக்கு ஏறினார்கள். அதிபர் அந்த வகுப்பை நிஷ்மியாவிடமே கொடுத்தார். முதல் தவணை நடந்துகொண்டிருந்தபோது பஸ்லி வந்தான். அவன் மிளகு வியாபாரி, அன்ஸாரின் வாப்பா. கையில் ஒரு பெட்டி இனிப்புத் தொதல்.

"டீச்சருக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல்ல. மகனுக்கு டவுன் ஸ்கூல்ல இடம் கெடச்சிரிச்சி. எழுத வச்சுப் பாத்தாங்க. மளமளன்னு எழுதினான். அந்த சேரே கேட்டாரு, எந்த ஸ்கூல்ல படிச்ச புள்ளன்னு. உங்கட பேரத்தான் சொன்னேன்."

நிஷ்மியா தொதல் பெட்டியை வாங்கிக்கொண்டாள். வேறென்ன செய்வது? அன்ஸாரைக் கூப்பிட்டு, நல்லாப் படிக்க வேணும் என்று சொன்னாள். அவன் றிஸ்லாவிடம் போய், "நான் டவுனுக்குப் போறேன், அங்க லிஃப்ட் இருக்கு" என்று பொய் சொல்லிவிட்டு வாப்பாவின் மோட்டார் சைக்கிளில் ஏறினான்.

அன்ஸார் போனது மற்றப் பெற்றோரின் கண்ணில் பட்டது. தங்கள் பிள்ளையும் அவனைப் போலத்தானே எழுதுகிறது? அந்தத் தவணை முடிய இரண்டு பிள்ளைகள் போனார்கள். அடுத்த தவணையில் இன்னும் மூன்று. ஒருவர் கேக் கொண்டுவந்தார், ஒருவர் சேலைத் துணி. எல்லோரும் நன்றி சொன்னார்கள். எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: டவுனில் எழுத வைத்துப் பார்த்தார்கள், பிள்ளை நன்றாக எழுதியது.

பிள்ளைகளின் தொகை குறைந்தால் பாடசாலையை மூடிவிடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. பக்கத்துக் கிராமங்களில் நடந்ததுதான். பதுர்தீன் சேர் கூட்டம் வைத்துப் பேசினார். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை, ஒருவரும் கேட்கவுமில்லை. நிஷ்மியா ஒரு நாள் பாடசாலை விட்டபிறகு ஒரு பிள்ளையின் வீட்டுக்கே போனாள். ஜுனைதா என்ற அந்தத் தாய் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தாள்.

"இன்னும் ஒரு வருஷம் இங்கயே படிக்கட்டும். நல்லாத்தானே வாறான்" என்றாள் நிஷ்மியா.

ஜுனைதா மரியாதையாகத்தான் கேட்டாள். "டீச்சர்ட மகள் எந்த ஸ்கூல்ல படிக்கிறா?"

நிஷ்மியாவின் மகள் மாத்தளை டவுனில் படித்தாள். அவள் பிளேன்டீயைக் குடித்து முடித்தாள். கோப்பையை வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

அந்த மாதத்தில் ஒரு நாள் நடந்ததை அவள் பிறகு சாலிஹிடம் மட்டும் சொன்னாள். மெல்லப் பழகிக்கொண்டிருந்த ஒரு பிள்ளை, பெயர் ஸஜ்ஜாத், அன்றைக்கு முதல்முறையாகப் பிழையில்லாமல் ஒரு முழு வசனம் எழுதிக்கொண்டு வந்து காட்டியது. நிஷ்மியாவுக்கு மனதில் முதலில் வந்தது சந்தோஷமல்ல. இதுவும் போகப் போகிறது என்பதுதான். அவள் அதை நல்லது என்று சொல்லவில்லை. "இன்னும் அழகா எழுதணும், போ" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தாள். பிள்ளை முகம் வாடிப் போய் உட்கார்ந்தது. கொஞ்ச நேரம் பொறுத்து அவளே எழுந்து போய், அந்தத் தாளை வாங்கி, வகுப்புக்கு முன்னால் சத்தமாக வாசித்துக் காட்டினாள். அடுத்த தவணை ஸஜ்ஜாத் வரவில்லை.

வகுப்பில் ஆள் குறையக் குறையச் சிரிப்பும் குறைந்தது. மூன்று பேர் இருக்கிற வகுப்பில் பகிடி விட்டால் யார் சிரிப்பது? நிஷ்மியா புத்தகத்தை விரித்து வைப்பாள். மாமா பழத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பார். "என்ன சொல்றாரு றிஸ்லா?" என்று கேட்பாள்.

"ஒண்ணும் சொல்லல்ல டீச்சர்" என்பாள் றிஸ்லா. "சும்மா நிக்கிறாரு."

வருடக் கடைசியில் உத்தரவு வந்தது. மிஞ்சிய பிள்ளைகளைப் பெற்றோர் விருப்பப்படி வேறு பாடசாலைகளில் சேர்க்கலாம். ஆசிரியர்களுக்கு இடமாற்றம். வாங்குகளையும் அலுமாரியையும் லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பதுர்தீன் சேர் ஓய்வுபெற ஒரு வருடம் இருந்தது. அவர் மணியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, இதை எங்கே கொடுப்பது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார்.

நிஷ்மியாவுக்கு டவுன் பாடசாலைக்கே மாற்றம் கிடைத்தது. வீட்டுக்குப் பக்கம். சொந்தக்காரர்கள் எல்லோரும் நல்லதாய்ப் போயிற்று என்றார்கள். றிஸ்லாவைச் சேர்க்க ஊர்ப் பக்கம் வேறு தமிழ்மொழிப் பாடசாலை நடக்கும் தூரத்தில் இல்லை. நிஷ்மியா ஒரு முடிவுக்கு வந்து, முனவ்வராவிடம் சொல்லிவிட்டு, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு டவுன் பாடசாலை அதிபரிடம் போனாள். ஊரிலிருந்து பஸ்ஸில் தினமும் பிள்ளையைக் கூட்டி வர ஆள் பிடித்து வைத்திருந்தாள். சப்பாத்தும் வாங்கிக் கொடுத்திருந்தாள்.

அதிபர் நல்ல மனுஷன்தான். பிள்ளையை உட்கார வைத்தார். ஒரு தாளைத் தள்ளி, "பேர எழுதுங்க மகள்" என்றார்.

றிஸ்லா பென்சிலைப் பிடித்தாள். நெடுநேரம் குனிந்திருந்தாள். ஒரு வட்டம் போட்டாள், அழிறப்பரால் அழித்தாள், திரும்பவும் போட்டாள். தாள் கிழிந்தது. அப்போது அவள் நிமிர்ந்து, பழைய றிஸ்லாவாகவே கேட்டாள்:

"சேர், நான் சொல்றேன், நீங்க எழுதுங்களேன்."

அதிபர் வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்து மேசைக் கிளார்க்கும் சிரித்தார். "கெட்டிக்காரி" என்றார் அதிபர். பிறகு பிள்ளையை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு நிஷ்மியாவிடம் குரலைத் தாழ்த்தினார்.

"டீச்சர், நீங்க சொன்னா நான் இல்லன்னு சொல்லக் கூடாது. ஆனா வாறது நாலாம் தரம். அதுக்கடுத்த வருஷம் புலமைப்பரிசில் பரீட்சை. அந்த வகுப்புல நாப்பதுக்கு மேல புள்ளைகள் இருக்கு. இந்தப் புள்ளைய ஆரு கவனிக்கிற?"

"நான் கவனிக்கிறேன் சேர்."

"உங்களுக்கு வேற வகுப்பு போட்டிருக்கு. அடுத்த வருஷம் பாப்போமே. கொஞ்சம் எழுதப் பழக்கிட்டுக் கொண்டு வாங்க."

வெளியே வந்தபோது றிஸ்லா மைதானத்தில் விளையாடும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "டீச்சர், லிஃப்ட் எங்க?" என்று கேட்டாள்.

நிஷ்மியா டவுனில் வேலையைத் தொடங்கினாள். ஐந்தாம் தரத்தில் ஒரு பிரிவு. மாதிரி வினாத்தாள், விடை, திரும்பவும் வினாத்தாள். அன்ஸார் நாலாம் தரத்தில் இருந்தான். ஒரு நாள் அவனுடைய டீச்சர் லீவு என்பதால் அந்த வகுப்பைப் பார்க்கப் போனாள். பிள்ளைகள் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார்கள். தலைப்பு, பசு. அன்ஸாரின் கொப்பியை எடுத்துப் பார்த்தாள். *பசு ஒரு வீட்டு மிருகம். அது நமக்குப் பால் தரும். அதற்கு நான்கு கால்கள் உள்ளன.* பக்கத்துப் பிள்ளையின் கொப்பியிலும் அதே வரிகள். அதற்கடுத்த கொப்பியிலும் அதே. கரும்பலகையில் இருந்ததை எல்லோரும் அழகாக எழுதியிருந்தார்கள். அன்ஸாரின் கையெழுத்துத்தான் அதில் திறம்.

"வேற ஒண்ணும் எழுதலயா அன்ஸார்?"

அவனுக்கு விளங்கவில்லை. "முடிச்சிட்டேன் டீச்சர்" என்றான்.

சனிக்கிழமைகளில் நிஷ்மியா ஊருக்குப் போய் றிஸ்லாவுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தாள். முனவ்வரா வேலைக்குப் போயிருப்பாள். றிஸ்லா வீட்டைக் கூட்டி, சோறு ஆக்கி வைத்துவிட்டுக் காத்திருப்பாள். முதல் சில வாரங்கள் கொஞ்சம் நம்பிக்கை தெரிந்தது. "ற" வந்தது. "ப" வந்தது. பிறகு ஒரு வாரம் நிஷ்மியாவுக்குக் காய்ச்சல், ஒரு வாரம் பாடசாலையில் விசேட வகுப்பு, நோன்பு, பெருநாள். திரும்பப் போனபோது "ற" இல்லை. றிஸ்லா பென்சிலைத் தொடவும் தயங்கினாள்.

"டீ ஊத்தவா டீச்சர்?" என்று பெரிய மனுஷி மாதிரிக் கேட்டாள். பக்கத்து வீட்டில் ஆடு குட்டி போட்டது, மழையில் பின்சுவர் சரிந்தது என்று ஊர்க்கதை சொன்னாள். எல்லாம் உள்ளபடியே சொன்னாள். ஒன்றில்கூடச் சிரிப்பு இல்லை. எழுதாவிட்டால் போகிறது, இந்தப் பிள்ளை ஏதாவது ஒரு பகிடி சொல்லட்டுமே என்று நிஷ்மியா காத்துக்கொண்டிருந்தாள். பஸ் நேரம் வரும்வரை காத்திருந்தாள்.

அதற்கடுத்த முறை போனபோது வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டுப் பெண் வேலியோரம் வந்து சொன்னாள்.

"தெரியாதா டீச்சர்? கொழும்புல ஒரு பெரிய வூட்டுல வேல கெடச்சி ரெண்டு பேரும் போயிட்டாங்க."

"றிஸ்லாவ ஸ்கூல்ல சேத்தாங்களா?"

"ஸ்கூலா? அந்த வூட்டுல சின்னப் புள்ளைகள் ரெண்டு இரிக்காம். பாத்துக்கிற ஆள் வேணுமாம். அதுக்குத்தானே இவளையும் சேத்துக் கேட்டாங்க. முனவ்வரா மொதல்ல அழுதா. பொறகு சொன்னா, இங்க இருந்தும் அவ என்னத்தப் படிக்கப் போறா, வயிறாரச் சாப்பிடவாவது செய்வான்னு."

றிஸ்லாவுக்கு அப்போது பத்து வயது ஆகியிருக்கவில்லை.

நிஷ்மியா முனவ்வராவின் நம்பருக்கு அடித்துப் பார்த்தாள். இணைப்பு இல்லை. பிள்ளைகள் விடயத்தைப் பார்க்கும் ஒரு அதிகாரியிடம் போய்ச் சொன்னாள். அவர் பெயரைக் கேட்டார், வயதைக் கேட்டார், எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்.

"வீட்டு முகவரி?"

"கொழும்புன்னு மட்டும்தான் தெரியும் சேர்."

"கொழும்புல எந்த இடம்?"

அவளுக்குத் தெரியவில்லை. தெஹிவளை என்று ஒருவர் சொல்லியிருந்தார், மருதானை என்று இன்னொருவர். வேலை பிடித்துக் கொடுத்தவன் யாரென்று ஊரில் ஒருவரும் சொல்லவில்லை, தெரிந்தவர்களும் சொல்லவில்லை. அதிகாரி பேனாவை மூடினார். முகவரி கிடைத்தால் கட்டாயம் நடவடிக்கை எடுக்கலாம் என்றார். உண்மையாகவே சொன்னார் என்றுதான் நிஷ்மியாவுக்குத் தோன்றியது.

அதன்பிறகும் அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். மாத்தளைச் சந்தையில் ஊர்க்காரர் யாரைக் கண்டாலும் கேட்டாள். பஸ்லியைக் கடையில் கண்டு கேட்டாள். அவன் விசாரித்துச் சொல்வதாகச் சொன்னான். மாதங்கள் போயின.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அவள் மகளின் யூனிஃபோமை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தாள். கடையிலிருந்து வந்த சாலிஹ் சாய்ந்து உட்கார்ந்து, அன்றைக்கும் ஏதாவது தகவல் கிடைத்ததா என்று கேட்டான். இல்லை என்றாள். அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் அவன் அதைச் சொன்னான்.

"பயப்படாத நிஷ்மி. உன்னோட அவ்வளவு ஒட்டா இருந்த புள்ள. என்னைக்காவது ஒரு நாள் ஒரு கடிதம் போடாமலா இருக்கப் போகுது?"

சொல்லி முடித்தபிறகுதான் சாலிஹுக்கும் விளங்கியது. அவன் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றான். அவள் அயர்னை நிமிர்த்தி வைத்தாள், சட்டையை மடித்தாள், அடுத்த சட்டையை எடுத்து விரித்தாள்.